சிவிங்கிப்புலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நமீபியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எட்டு சிவிங்கிப்புலிகள் (ஆங்கிலத்தில் சீட்டா) 2022 செப்டம்பர் 17 அன்று மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் விடப்பட்டதிலிருந்து, காட்டுயிர்களைப் பற்றிப் பேசப் போகும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்டு வருகிறேன். அவற்றில் பாதி விலங்கைப் பற்றியவை, மீதி அதன் பெயரைப் பற்றியவை. பெயர்க் குழப்பம் தீராமல் விலங்கைப் பற்றிய குழப்பமும் தீராது என்பதால் இரண்டையும் இங்கே சேர்த்தே எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கூடியவரை தந்திருக்கிறேன்.

சிறுத்தையும் சீட்டாவும் ஒண்ணுதானே? இங்கிலீஷ்ல சீட்டா, தமிழ்ல சிறுத்தை. அப்படித்தானே?

இல்லை. தமிழில் சிறுத்தை என்று வழங்கப்படுவது ஆங்கிலத்தில் லெப்பர்ட் எனப்படும் விலங்கு. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும் நீலகிரியிலும் திருமலைப் பாதையிலும் தென்படுவது அதுதான். சீட்டா என்பது முற்றிலும் வேறு விலங்கு. இரண்டும் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் மஞ்சள் தோலில் கரும்புள்ளிகள் உண்டு என்பதற்கு மேல் அவற்றுக்குள் பெரிய ஒற்றுமை கிடையாது.

உறவுமுறையில் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். சிறுத்தை, புலி, சிங்கம், ஜாகுவார் ஆகியவை ஒரே பேரினத்தில் வருகின்றன. சீட்டாவோ அசினோனிக்ஸ் என்ற தனிப் பேரினத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனம். பூனைக் குடும்பத்தில் அதற்கு மிக நெருங்கிய சொந்தங்கள் அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பூமாவும் ஜாகுவருண்டியும்தான்.

ஒரு படத்தைக் காட்டினால் எது எது என்று எப்படிச் சொல்வது?

முதலில் முகத்தைப் பாருங்கள். சீட்டாவுக்குக் கண்ணின் உள்முனையிலிருந்து வாயோரம் வரை மை கரைந்து வழிந்ததுபோல ஒரு கறுப்புக் கோடு இறங்கும். சிறுத்தைக்கு அந்தக் கோடு இல்லை. மங்கலான படத்தில்கூட இந்த அடையாளம் பெரும்பாலும் கைகொடுக்கும்.

அடுத்து புள்ளிகள். சீட்டாவின் புள்ளிகள் தனித்தனியான, முழுக்கக் கறுப்பான வட்டங்கள். சிறுத்தையின் உடலில் இருப்பவை உடைந்த வளையங்கள். வளையத்தின் நடுவே தோலின் நிறம் சற்று அடர்ந்து தெரியும். உடற்கட்டும் வேறு: சீட்டாவுக்குச் சிறிய தலை, நீண்ட கால்கள், ஆழமான மார்பு, ஒடுங்கிய இடுப்பு, சிறுத்தைக்குப் பெரிய தலை, தடித்த கழுத்து, குட்டையான வலுத்த கால்கள்.

அப்படியென்றால் சீட்டாவுக்குத் தமிழில் பெயரே இல்லையா?

இருக்கிறது. சிவிங்கி, அல்லது சிவிங்கிப்புலி. இது குனோ செய்திகளுக்காக யாரும் புதிதாக உருவாக்கிய கலைச்சொல் அல்ல. அகராதிகளில் முன்பே பதிவாகியிருக்கும் சொல், தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. நேரில் பார்க்கும் வாய்ப்பு அற்றுப்போன ஒரு விலங்கின் பெயர் பேச்சிலிருந்தும் மெல்ல மறைந்தது; 2022இல் விலங்கு செய்திக்கு வந்தபோது சில நாளிதழ்கள் பழைய சொல்லை எடுத்துக்கொண்டன, சில சீட்டா என்றே எழுதின, சில சிறுத்தை என்று எழுதிக் குழப்பின.

இந்தப் பக்கத்தில் இனி சிவிங்கிப்புலி என்றே எழுதுகிறேன். சீட்டா என்று எழுதுவதிலும் தவறில்லை, படிப்பவருக்கு எந்த விலங்கு என்று புரிந்துவிடும். சிறுத்தை என்று எழுதுவதுதான் தவறு, ஏனெனில் அந்தப் பெயருக்கு உரிய விலங்கு வேறொன்று நம்மிடையே உயிரோடு இருக்கிறது.

புலின்னு பேர்ல இருக்கே, அப்போ அது புலி வகைதானே?

பெயரின் பின்னொட்டை வைத்து உறவு சொல்ல முடியாது. கழுதைப்புலியின் பெயரிலும் புலி இருக்கிறது. அது பூனைக் குடும்பத்திலேயே இல்லை. தமிழில் புலி என்பது கோரைப்பல்லும் வேட்டைக் குணமும் உள்ள பெரிய விலங்குகள் பலவற்றுக்கும் பொதுவாக ஒட்டிக்கொள்ளும் சொல்.

ஒட்டகச்சிவிங்கியில் வருகிற சிவிங்கியும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். ஒட்டகம் போன்ற நீண்ட கழுத்தும், சிவிங்கி போன்ற புள்ளித் தோலும் உடையது என்பதால் அந்தப் பெயர். கிரேக்கர்களும் இப்படியே ஒட்டகத்தையும் புள்ளி விலங்கையும் சேர்த்துப் பெயரிட்டார்கள், அதுவே இன்றும் ஒட்டகச்சிவிங்கியின் அறிவியல் பெயரில் காமெலோபார்டாலிஸ் என்று நிற்கிறது. பாரசீக மொழியில் ஒட்டகம், மாடு, சிறுத்தை என்ற மூன்றையும் ஒரே பெயருக்குள் அடுக்கியிருக்கிறார்கள்.

பள்ளிகளில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். இல்லாத விலங்கின் பெயரை இவ்வளவு காலமாக இன்னொரு விலங்கின் பெயருக்குள் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள் அல்லவா!

சீட்டாவை வேங்கை என்று சொல்லலாமா? ஒரு மொழிபெயர்ப்பில் அப்படிப் பார்த்தேன்.

வேண்டாம். வேங்கை என்றால் புலி, வரிப்புலி. மலர்கள் பூத்துக் கிடக்கும் வேங்கை மரத்தைப் புலி என்று மயங்குவதும், பூப்பறிக்கும் பெண்கள் ‘புலி புலி’ என்று கூவுவதும் சங்கப் பாடல்களில் வரும் செய்திகள். அவ்வளவு உறுதியாக வேறொரு விலங்கோடு பிணைந்துவிட்ட சொல்லை இதற்கு இழுத்து வருவது புதிய குழப்பத்துக்கே வழி செய்யும்.

சீட்டா என்பது ஆங்கிலச் சொல்தானே? அதை ஏன் தமிழில் எழுத வேண்டும்?

ஆங்கிலமே அதை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. இந்தியில் சீத்தா, அதன் மூலம் சமஸ்கிருதத்தின் சித்ரக, அதாவது புள்ளியிட்டது, பல நிறம் கொண்டது. புள்ளிமானை வடக்கே சீத்தல் என்று அழைப்பதும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் இதை ‘வேட்டைச் சிறுத்தை’ என்று பொருள்படும் பெயராலேயே குறித்தார்கள். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் பலர் சீட்டா என்ற சொல்லைச் சிறுத்தைக்கும் தாராளமாகப் பயன்படுத்தியதால், பழைய வேட்டைக் குறிப்புகளில் சீட்டா என்று வருவது எந்த விலங்கு என்பதை ஒவ்வோர் இடத்திலும் சூழலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல.

போன வருஷம் எங்க ஊருக்குப் பக்கத்துல சீட்டா வந்துச்சுன்னு சொன்னாங்களே?

வந்தது சிறுத்தையாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ காட்டில் வாழும் சிவிங்கிப்புலி இன்று ஒன்றுகூட இல்லை. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் தென்பட்டு ஊரையே பதறவைத்ததும் சிறுத்தைதான். இலங்கையில் புலி என்று பேச்சில் குறிக்கப்படும் காட்டு விலங்கும் சிறுத்தையே. அந்தத் தீவில் வரிப்புலியும் இல்லை, சிவிங்கிப்புலியும் இல்லை.

பெயரை மாற்றிச் சொல்வதால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்பதுண்டு. சிறுத்தை இரவில் நடமாடும், மரமேறும், மதில் தாண்டும், நாயையும் ஆட்டையும் தூக்கும், அரிதாக மனிதரையும் தாக்கும். சிவிங்கிப்புலியின் நடத்தையில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. எது வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்பதும் தெரியும். ‘சீட்டா பகலில்தான் வரும்’ என்று இணையத்தில் படித்துவிட்டு இரவில் ஆட்டுப்பட்டியைத் திறந்து வைப்பவருக்கு நட்டம் அவருடையதுதான்.

மணிக்கு 120 கிலோமீட்டர் ஓடுமாமே?

அளந்து பார்த்தவர்கள் யாரும் அந்த எண்ணைத் தரவில்லை. 1957இல் வெளிவந்த ஒரு கட்டுரை 114 கிலோமீட்டர் என்று எழுதியது, அந்த அளவீடு நம்பத்தக்கதல்ல என்று பின்னர் காட்டப்பட்டது. ஆனாலும் எண் மட்டும் பொது அறிவுப் புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தும் வருகிறது. 1965இல் கென்யாவில் ஒரு பழக்கப்பட்ட சிவிங்கிப்புலியை 201 மீட்டர் ஓடவிட்டு அளந்தபோது கிடைத்தது மணிக்கு 104 கிலோமீட்டர். அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த சாரா என்ற பெண் சிவிங்கிப்புலி 2012இல் 100 மீட்டரை 5.95 நொடியில் கடந்தது. உசேன் போல்ட்டின் உலக சாதனை 9.58 நொடி.

இவை வளர்ப்பு விலங்குகளை வைத்து எடுத்தவை. காட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை 2013இல் வெளியான ஒரு போட்ஸ்வானா ஆய்வு காட்டியது. ஐந்து சிவிங்கிப்புலிகளுக்கு வேகமும் திசையும் பதியும் கழுத்துப்பட்டைகளை மாட்டி, 367 ஓட்டங்களை ஆய்ந்தார்கள். மிக அதிக வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். ஆனால் பெரும்பாலான வேட்டைகளில் அது அந்த உச்ச வேகத்தின் பக்கம்கூடப் போகவில்லை; சராசரி ஓட்டம் 173 மீட்டர் மட்டுமே, நான்கில் ஒரு பங்கு ஓட்டமே இரையில் முடிந்தது.

அப்படியென்றால் அதன் பலம் வேகத்தில் இல்லையா?

வேகத்தில் இருக்கிறது, ஆனால் வேகத்தை ஏற்றுவதிலும் இறக்குவதிலும் அதைவிட அதிகமாக இருக்கிறது. மான் நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. வளைந்து, சட்டெனத் திரும்பி, துரத்துவதைத் தாண்டவிட்டு ஓடும். ஒன்றிரண்டு எட்டுக்குள் வேகத்தைக் குறைத்து, உடலைச் சாய்த்துத் திரும்பி, மறுபடியும் வேகம் பிடிக்கத் தெரிந்த விலங்குக்கே அந்த மான் கிடைக்கும். மேலே சொன்ன போட்ஸ்வானா ஆய்வு வியந்து குறித்ததும் இந்தத் திறனைத்தான்.

அதற்கு ஏற்ற உடல் அதற்கு வாய்த்திருக்கிறது. முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிர்வதால் ஒரு பாய்ச்சலில் ஏழு மீட்டர்வரை போகும். நீண்ட வால் திருப்பங்களில் உடலை நிலைப்படுத்தும். அகன்ற மூக்குத் துளைகள் வழியே காற்று தாராளமாகப் போய்வரும். மூக்குக்கு அவ்வளவு இடம் கொடுத்ததால் மேல்தாடையில் கோரைப்பற்களின் வேருக்கு இடம் குறைந்துபோயிற்று, ஆகவே பற்கள் சிறியவை. நகங்களை மற்றப் பூனைகள்போல முழுவதும் உள்ளிழுத்து மூடிக்கொள்ளாது. அவை ஓட்டக்காரரின் காலணி முள்போல எப்போதும் தரையைக் கவ்வும். அசினோனிக்ஸ் என்ற பெயரும் அசையாத நகம் என்ற பொருளில் அமைந்ததுதான். முன்காலின் உட்பக்கத்தில் சற்று மேலே, தரையைத் தொடாத ஒற்றை நகம் மட்டும் கொக்கிபோலக் கூர்மையாக இருக்கும். ஓடும் மானின் பின்காலிலோ விலாவிலோ அந்த நகத்தை மாட்டி இழுத்து அதை நிலைகுலைய வைத்து, விழுந்ததும் தொண்டையைக் கவ்வி மூச்சை அடைக்கும்.

கொஞ்ச தூரம் ஓடினதும் உடம்பு சூடாயிடும், அதனாலதான் நின்னுடும்னு டி.வி.ல சொன்னாங்களே?

1973இல் ஓடுபொறியில் சிவிங்கிப்புலிகளை ஓடவிட்டுச் செய்த சோதனையிலிருந்து பிறந்த கருத்து அது. உடல்வெப்பம் ஓர் அளவைத் தாண்டியதும் அவை ஓட மறுத்தன. ஆகவே காட்டிலும் அப்படித்தான் வேட்டையைக் கைவிடும் என்று முடிவு கட்டினார்கள்.

நமீபியாவில் உடலுக்குள் வெப்பமானி பொருத்தி எடுத்த அளவீடுகள் 2013இல் வெளிவந்தபோது வேறு கதை தெரிந்தது. துரத்தலின்போது உடல்வெப்பம் பெரிதாக ஏறவே இல்லை. துரத்தி முடித்து இரை கிடைத்த பிறகுதான் ஏறியது. இரையைப் பறிக்கச் சிங்கமோ சிறுத்தையோ கழுதைப்புலியோ வந்துவிடுமோ என்ற பதற்றமே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பதறுவதற்கு நியாயமும் உண்டு: சண்டை போட்டுக் காயம்பட்டால் மறுநாள் ஓட முடியாது, ஓட முடியாவிட்டால் பட்டினி. ஆகவே அது பெரும்பாலும் இரையை விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும்.

சிங்கம் மாதிரி கர்ஜிக்குமா?

கர்ஜிக்காது. வீட்டுப் பூனைபோலக் குர்ர் என்று இழுக்கும், சீறும், மியாவும். தாய் குட்டியைக் கூப்பிடும் ஒலி பறவையின் கீச்சொலியை ஒத்திருக்கும். முதன்முதலில் கேட்பவர்கள் மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள்.

மரம் ஏறுமா?

சாய்ந்த மரத்திலும் தாழ்ந்த கிளையிலும் ஏறி நின்று சுற்றுமுற்றும் பார்க்கும். சிறுத்தைபோல இரையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏற அதற்கு வலுவும் இல்லை, அதற்கு ஏற்ற நகமும் இல்லை.

ஆளைத் தாக்குமா? துபாய்ல வீட்ல வளர்க்கிறாங்களே?

காட்டில் வாழும் சிவிங்கிப்புலி மனிதரைக் கொன்றதாக நம்பத்தக்க பதிவு இல்லை. மனிதரைக் கண்டால் விலகிப் போவதே அதன் இயல்பு. ஆனால் அடைத்து வைத்த விலங்கின் கதை வேறு. 2007இல் பெல்ஜியத்தில் ஒரு விலங்குப் பூங்காவில் கூண்டுக்குள் நுழைந்த பெண் ஒருவர் சிவிங்கிப்புலிகள் தாக்கி இறந்தார்.

வளைகுடா வீடுகளில் மடியில் கிடக்கும் குட்டிகளின் படங்களைப் பார்த்துப் பலர் ஆசைப்படுகிறார்கள். அந்தக் குட்டிகளில் பல, ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, சோமாலிலாந்து வழியாகக் கள்ளத்தனமாகக் கடல் தாண்டிச் சென்றவை. வழியிலேயே செத்துப்போகிறவை ஏராளம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் தனியார் இத்தகைய விலங்குகளை வளர்ப்பதற்குச் சட்டத்தடை வந்துவிட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பைத் தந்திருக்கிறது.

அக்பர் ஆயிரம் சீட்டா வளர்த்தாராம். அவ்வளவு இருந்தும் எப்படி அழிந்தது?

வளர்த்தார் என்பதைவிடப் பிடித்து வைத்திருந்தார் என்பதே பொருத்தம். அக்காலத்தில் வேட்டைக்குப் பழக்கிய சிவிங்கிப்புலியைக் கண்களை மறைத்து, மாட்டுவண்டியில் ஏற்றி, வெளிமான் கூட்டம் மேயும் இடத்துக்கு அருகே கொண்டுபோவார்கள். வண்டியைக் கண்டு மான்கள் மிரளுவதில்லை. கண்மூடியைக் கழற்றிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். இதற்குத் தாயிடம் வேட்டை கற்றுத் தேர்ந்த வளர்ந்த விலங்கே வேண்டும் என்பதால், ஒவ்வொன்றையும் காட்டிலிருந்தே பிடித்தாக வேண்டியிருந்தது.

ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தம் தந்தை ஆயிரம் சிவிங்கிப்புலிகளை ஒருங்கே சேர்த்து, அவை இணைசேர வேண்டும் என்று மிக விரும்பியும் அது நடக்கவில்லை என்கிறார். தம் காலத்தில் ஓர் ஆண் சிவிங்கிப்புலி கழுத்துப்பட்டையிலிருந்து நழுவிப்போய் ஒரு பெண்ணோடு சேர்ந்ததாகவும், இரண்டரை மாதம் கழித்து மூன்று குட்டிகள் பிறந்து வளர்ந்ததாகவும், வியப்பான செய்தி என்பதால் குறித்து வைக்கிறார். அடைப்பில் குட்டி ஈன்றதற்கு அதன் பிறகு கிடைக்கும் பதிவு 1956இல், அமெரிக்காவின் பிலடெல்பியாவில். இடையே மூன்று நூற்றாண்டுக்கு மேல் அரண்மனைகள் காட்டிலிருந்து எடுத்தனவேயன்றி எதையும் திருப்பித் தரவில்லை.

இதோடு புல்வெளிகள் வயல்களாயின, வெளிமான் குறைந்தது, ஆங்கிலேயர் ஆட்சியில் கொன்றவர்களுக்கு வெகுமதியும் கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவ்நகர், கோலாப்பூர் சமஸ்தானங்கள் வேட்டைக்கான சிவிங்கிப்புலிகளை ஆப்பிரிக்காவிலிருந்தே தருவித்தன. இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தானத்தின் மன்னர் 1947இல் ஒரே இரவில் சுட்டுவீழ்த்திய மூன்று ஆண் சிவிங்கிப்புலிகளே இந்தியாவில் உறுதியாகப் பதிவான கடைசி விலங்குகள். 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது.

தமிழ்நாட்டில் எப்போதாவது இருந்திருக்கிறதா?

இருந்திருக்கிறது. வடக்கே பஞ்சாபிலிருந்து தெற்கே திருநெல்வேலி மாவட்டம்வரை இது பரவியிருந்ததாகப் பதிவுகளைத் தொகுத்தவர்கள் குறிக்கிறார்கள். திருநெல்வேலியா என்று வியப்பவர்கள், அந்தப் பழைய மாவட்டத்திலிருந்து 1986இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தின் வல்லநாட்டில் இன்றும் வெளிமான்கள் இருப்பதை நினைத்துப் பார்க்கலாம். வெளிமான் இருக்கும் வறண்ட முட்காடும் புல்தரையும் சிவிங்கிப்புலிக்கும் ஏற்ற இடம். அடர்ந்த மலைக்காடு அதன் இடமல்ல.

சென்னையோடும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிகாட், நாடு திரும்பியபோது ஒரு சிவிங்கிப்புலியை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசாகக் கொடுத்தார். 1764இல் விண்ட்சர் பூங்காவில் கலைமான் ஒன்றின்மீது அதை ஏவிவிட்டுப் பார்த்தார்கள். கலைமான் கொம்பை நீட்டி எதிர்த்து நின்றதும் சிவிங்கிப்புலி பின்வாங்கிவிட்டது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த அந்தக் காட்சி இன்று மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் இருக்கிறது. வெள்ளை உடை உடுத்த இரண்டு இந்தியப் பணியாளர்கள் நிற்க, நெற்றிக்கு மேலே தள்ளிவிட்ட சிவப்புக் கண்மூடியோடு சிவிங்கிப்புலி நிற்கிறது. தனக்குப் பழக்கமான மெலிந்த வெளிமானுக்குப் பதில் அவ்வளவு பெரிய கொம்பு விலங்கைக் கண்டால் எந்தச் சிவிங்கிப்புலியும் தயங்கத்தான் செய்யும்.

ராஜ சீட்டா என்று பட்டை பட்டையாக ஒன்று இருக்கிறதே, அது தனி இனமா?

தனி இனம் என்று நினைத்த காலம் உண்டு. இன்றைய ஜிம்பாப்வேயில் 1926இல் கவனத்துக்கு வந்த அதை அடுத்த ஆண்டே தனி இனமாக விவரித்துப் பெயரும் வைத்தார்கள். 1981இல் தென்னாப்பிரிக்காவில் சாதாரணப் பெற்றோருக்கு அத்தகைய குட்டி பிறந்ததும் அந்தக் கருத்து விழுந்தது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்று 2012இல் தெரியவந்தது. வீட்டுப் பூனைகள் சிலவற்றின் உடலில் மெல்லிய வரிகளுக்குப் பதில் சுழற்பட்டைகள் வருவதும் அதே மரபணுவால்தான்.

எல்லாச் சீட்டாவும் ஒட்டிப் பிறந்த இரட்டை மாதிரி ஒரே மரபணுவாமே? அதனால்தான் குட்டிகள் சாகின்றனவா?

முதல் பாதியில் உண்மை இருக்கிறது, இரண்டாம் பாதியை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள முடியாது. கடைசிப் பனியுகம் முடிந்த காலத்தை ஒட்டி இவற்றின் எண்ணிக்கை மிகவும் சுருங்கியதன் விளைவாக மரபணு வேறுபாடு மிகக் குறைவு. 1980களில் உறவில்லாத ஒரு விலங்கின் தோலை மற்றொன்றுக்கு ஒட்டியபோது உடல் அதை உடனே தள்ளிவிடவில்லை. ஒரே கிருமி எல்லாவற்றையும் ஒருசேரத் தாக்கும் ஆபத்தும் உண்டு. அதே காலத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் பூங்கா ஒன்றில் கொரோனா வைரஸ் வகை ஒன்று பரவி, அங்கிருந்தவற்றில் பாதிக்கும் மேல் மடிந்தன.

ஆனால் காட்டில் குட்டிகள் சாவதற்கு முதன்மைக் காரணம் மரபணு அல்ல, சிங்கம். தான்சானியாவின் செரெங்கெட்டியில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு ஐந்து குட்டிகளே தாயைவிட்டுப் பிரியும் வயதை எட்டின. சிங்கம் குறைவாக உள்ள காலகாடி வறள்நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எட்டின. குட்டிகளின் முதுகில் நீண்ட சாம்பல் ரோமம் போர்வையாகக் கிடப்பது, எவரும் வம்புக்குப் போகாத தேன்வளைக்கரடியின் தோற்றத்தைத் தந்து அவற்றைக் காக்கிறது என்ற கருத்தும் உண்டு. அழகான ஊகம், அதற்குமேல் அதை நான் அழுத்திச் சொல்லமாட்டேன்.

ஆசியச் சிவிங்கிப்புலி எங்காவது மிச்சமிருக்கிறதா? இருந்தால் அதையே கொண்டு வந்திருக்கலாமே?

ஈரானில் மட்டும் மிச்சமிருக்கிறது. 2022 ஜனவரியில் அந்நாட்டு அதிகாரி ஒருவர் வெளியிட்ட கணக்கு: ஒன்பது ஆண், மூன்று பெண். அவ்வாண்டு அடைப்பில் பிறந்த மூன்று குட்டிகளில் எஞ்சிய பிரூஸ் என்ற குட்டியை நாடே செல்லமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. 2023 பிப்ரவரியில் அதுவும் சிறுநீரகக் கோளாறால் இறந்துபோயிற்று. உலகம் முழுவதும் எல்லாத் துணையினங்களையும் சேர்த்து 2016இல் மதிப்பிட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 7,100, ஏறக்குறைய எல்லாம் ஆப்பிரிக்காவில்.

இந்தியா முயலாமல் இல்லை. 1970களில் கிர் சிங்கத்துக்கு ஈடாகப் பெறலாமா என்று பேச்சு நடந்து நின்றுபோயிற்று. 2000த்தை ஒட்டி ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் படியாக்கம் (குளோனிங்) செய்ய விரும்பியபோது ஈரான் திசு மாதிரியைக்கூடத் தர மறுத்தது. அவ்வளவு குறைவாக மிச்சமிருக்கும் நாட்டிடம் இரண்டு கொடு என்று இன்று கேட்பதில் நியாயமும் இல்லை.

குனோவில் ஏன் இத்தனை செத்துப்போயின? திட்டமே தோல்விதானே?

நமீபியாவின் எட்டுக்குப் பிறகு 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு வந்தன. சாவுகளுக்குக் காரணம் ஒன்றல்ல. சாஷா என்ற பெண் சிவிங்கிப்புலிக்குச் சிறுநீரக நோய். தக்ஷா என்ற பெண் 2023 மே மாதத்தில் இணைசேரும் முயற்சியில் ஆண்களிடம் காயம்பட்டு இறந்தது. அதே மே மாதத்துக் கடும் வெயிலில் ஜ்வாலாவின் நான்கு குட்டிகளில் மூன்று மடிந்தன. பின் மழைக்காலத்தில் சிலவற்றுக்குக் கழுத்துப்பட்டையின் அடியில் ஈரம் தங்கி, புண்ணாகி, புழு வைத்து, இரத்தத்தில் நஞ்சு ஏறியது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஜூன் முதல் குளிர்காலம் என்பதால் அவற்றின் உடல் அந்த மாதங்களில் ரோமத்தைத் தடிக்க வைக்கும். இங்கே அது பருவமழைக் காலம். தடித்த ரோமம், மழை, ஈ, பட்டை ஆகிய நான்கும் ஒரே சமயத்தில் கூடின.

தோல்வி என்று சொல்ல நான் தயங்குவேன், வெற்றி என்று சொல்ல அதைவிட அதிகமாகத் தயங்குவேன். அந்த வெயிலில் பிழைத்த ஒரே குட்டியான முகி வளர்ந்து, 2025 நவம்பரில் ஐந்து குட்டிகளை ஈன்றது நல்ல செய்தி. ஆனால் 748 சதுர கிலோமீட்டர் பூங்கா, ஒரு விலங்குக்கே நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் தேவைப்படக்கூடிய இனத்துக்குப் போதாது. 2025 ஏப்ரலில் காந்தி சாகர் சரணாலயத்தில் இரண்டை விட்டது இந்தக் குறையை உணர்ந்துதான். இன்னும் பல இடங்கள் வேண்டும். அவை புல்வெளிகளாக இருக்க வேண்டும். அரசுப் பதிவேடுகளில் புல்வெளி பெரும்பாலும் தரிசு என்று எழுதப்பட்டிருக்கிறது. என் கவலை இந்தக் கடைசி வரியைப் பற்றியது.

முகியின் குட்டிகளை ‘இந்தியச் சிவிங்கிப்புலி’ என்று எழுதலாமா?

துணையினத்தைக் குறிப்பதானால் கூடாது. அவை ஆப்பிரிக்காவின் தென்பகுதித் துணையினத்தின் வழிவந்தவை. ஆசியத் துணையினமும் அதுவும் பிரிந்து குறைந்தது 30,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று மரபணு ஆய்வு ஒன்று மதிப்பிட்டிருக்கிறது. அறிவியல் கட்டுரையிலோ பாடநூலிலோ அந்தச் சொல்லை எழுதினால், 1947இல் கொரியா சமஸ்தானத்தில் சுடப்பட்ட விலங்கே திரும்பி வந்துவிட்டது என்ற தவறான பொருளைத் தரும்.

பிறந்த மண்ணைக் குறிப்பதானால் ‘இந்தியாவில் பிறந்த சிவிங்கிப்புலி’ என்று எழுதிவிடலாம். ஒரு சொல் கூடுதல், குழப்பம் இல்லை. செய்தித் தலைப்பில் இடம் போதாது என்று ஒரு பத்திரிகை நண்பர் சொன்னார். ‘குனோ சிவிங்கிப்புலி’ என்று எழுதினால் இடமும் போதும்.